வேனுக்குள் சமையல் மேடையும் டேங்க் சென்ஸாரும்: டர்பனில் செய்த வேலை எப்படி இருக்கிறது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளேயே தங்கிச் சமைக்கிற கேம்பர் வேன் கட்டுகிறவர் யாராக இருந்தாலும் காசை முதலில் தண்ணீர் தொடுகிற இடத்தில் போடுங்கள். மெத்தை, விளக்கு, திரைச்சீலை எல்லாம் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். சிங்க்கைச் சுற்றியிருக்கிற மரமும், டேங்கில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று சொல்கிற சென்ஸாரும் கெட்டுப்போனால் பாதி வேனைப் பிரித்துப் போட வேண்டிவரும். எங்கள் வேனில் இந்த இரண்டு வேலையையும் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலேயே செய்து வாங்கி, டிராகன்ஸ்பெர்க் குளிரிலும் கேப் விடால் உப்புக்காற்றிலும் கரூவின் வறட்சியிலும் ஓட்டிப் பார்த்தாயிற்று. சொந்தக்காரர்களும் நண்பர்களும் ஃபோன் போட்டுக் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

வண்டி செகண்ட் ஹேண்ட் ஃபோக்ஸ்வேகன் கிராஃப்டர் வேன், உயரக் கூரை வைத்தது. வீட்டில் எல்லோருக்கும் அதே கம்பெனியின் பழைய கோம்பி வேன் மீதுதான் ஆசை. மாமனார் சாட்ஸ்வொர்த்தில் பல வருஷம் கோம்பி ஓட்டியவர், ஜெர்மனியில் நிறுத்திய பிறகும் அந்தப் பெட்டி கோம்பியை இங்கே ஊட்டன்ஹேகில் (இப்போது கரியேகா) 2002 வரை செய்துகொண்டிருந்தார்கள் என்பதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். ஆனால் அதற்குள் நிமிர்ந்து நின்று சமைக்க முடியாது. எங்களுக்கு நிமிர்ந்து நின்றே ஆக வேண்டும், காரணம் அத்தை. புரட்டாசி வந்துவிட்டால் வெளிச் சாப்பாடு கிடையாது, மற்ற மாதங்களிலும் பெட்ரோல் பங்க்கில் வாங்கிய பை (மாவுக்குள் கறி வைத்துச் சுட்டது), சிப்ஸ் என்று பேரப்பிள்ளைகள் வயிற்றைக் கெடுத்துக்கொள்வது அவருக்குப் பிடிக்காது. அதனால் வேனில் இருப்பது பெயருக்கு ஒரு அடுப்பு இல்லை, பருப்பும் கறியும் ரொட்டியும் தினம் நடக்கிற சமையலறை. கீழே எழுதுவதை அந்தக் கணக்கில் வைத்துப் படியுங்கள். டீ போட்டுவிட்டு வெளியே பிராய் (திறந்தவெளி அடுப்பு) நெருப்பில் இறைச்சி சுடுகிறவர்களுக்கு இவ்வளவு தேவைப்படாது.

மேடையில் எல்லோரும் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் முதலில் எடையைக் கேட்பேன். எங்கள் மேடை நீளம் 1.8 மீட்டர், அகலம் அரை மீட்டர், ஆக 0.9 சதுர மீட்டர். வீட்டுச் சமையலறை மாதிரி 20 மில்லி கிரானைட் போட்டால் சதுர மீட்டருக்கு 54 கிலோ, மொத்தம் கிட்டத்தட்ட 49 கிலோ. அதே அளவுக்கு 18 மில்லி பிர்ச் பிளைவுட் சுமார் 11 கிலோ, இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டினால் 13 வரும். மிச்சமாகிற 36 கிலோ என்பது 36 லிட்டர் தண்ணீர். 3500 கிலோ வரைதான் சாதாரண பி லைசென்ஸில் ஓட்ட முடியும். கட்டில், பேட்டரி, ஃப்ரிட்ஜ், தண்ணீர், நாலைந்து ஆட்கள் என்று ஏற்றினால் அந்த எண் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிடும். வேலை முடிந்ததும் எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன்ஸ் கணவாய் ஏறும்போது லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒவ்வொரு கிலோவும் தெரியும்.

கல்லை விட்டால் மிச்சம் மரமும் பலகையும். கடைகளில் சுலபமாகக் கிடைப்பது சிப்போர்டில் மைக்கா ஒட்டி முன் ஓரத்தை வளைத்துச் செய்த ரெடிமேட் மேடை. விலை குறைவு, பார்க்கவும் அழகு. வேனுக்கு அது வேண்டாம். எடையில் அது பிர்ச்சைவிட லேசு கூட இல்லை, அப்புறம் சிங்க்குக்காக வெட்டிய ஓரத்தில் ஈரம் ஒருமுறை இறங்கிவிட்டால் மரத்தூள் ஊறி உப்பிவிடும், உப்பியது திரும்ப இறங்காது. வண்டியின் அதிர்வில் ஸ்க்ரூவும் அதில் நிற்பதில்லை, துளை தளர்ந்து தூளாகக் கொட்டும். அடுத்தது சலிக்னா. யூக்கலிப்டஸ் மரத் துண்டுகளை ஒட்டிச் செய்த கட்டை, இந்த நாட்டிலேயே வளர்கிற மரம், நல்ல செந்நிறம், கைக்கு இதமாக இருக்கும். எனக்கு அதன் மேல்தான் கண். ஆனால் எந்த முழு மரமும் காற்றின் ஈரத்துக்குத் தக்கபடி ரேகைக்குக் குறுக்கே விரியும், சுருங்கும். டர்பன் கடற்கரை ஈரத்தில் இறுக்கி மாட்டிய மரத்தை ஒரு வாரத்தில் போஃபர்ட் வெஸ்ட் பக்கம் கரூவுக்குக் கொண்டுபோனால் அது சுருங்கத்தான் பார்க்கும். கீழே ஸ்க்ரூ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் நடுவில் வெடிக்கும். நீளத் துளை போட்டு மரம் நகர இடம் விட்டு மாட்டினால் சரியாகிவிடும், வருஷத்துக்கு இரண்டு தடவை எண்ணெய் பூசுவதற்கும் தயாராக இருந்தால் சலிக்னா தாராளமாகப் போடலாம். எங்கள் வீட்டில் எண்ணெய் பூசுகிற வேலையை யார் செய்வது என்ற கேள்வி வந்தது, பிளைவுட்டுக்குப் போய்விட்டோம்.

வேலை செய்தவர் கிளேர்வுட் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கிற ஓர் அண்ணன். பலகை எழுதி வைத்து நடத்துகிறவர் இல்லை, தெரிந்தவர் சொல்லி வருகிறவர்களுக்கு மட்டும் செய்கிறார், அதனால் பெயர் போடவில்லை. ஆயாவிடம் கேட்டு வளர்ந்த தமிழ் அவருடையது. நான் மைக்கா நிறங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, "தம்பி, தண்ணி மேல இருந்து உள்ள போகாது. ஓரத்துலதான் போகும். முதல்ல ஓரத்துக்கு என்ன செய்யலாம்னு பேசு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் வேலையைக் கொடுத்தேன்.

அவர் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், யாரிடம் செய்தாலும் இதை எல்லாம் கேட்டு வாங்க வேண்டும். மைக்காவை மேலே மட்டும் ஒட்டாமல் அடியிலும் ஒட்டினார். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் இரண்டு முகமும் ஈரத்தை வேறுவேறு அளவில் வாங்கி, நாளாவட்டத்தில் பலகை வில்லாக வளையும். அடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடுகிற ஆட்கள் உண்டு. முன் ஓரத்துக்குக் கியாட் மரத்தில் பீடிங் (ஓரச் சட்டம்). கியாட் நம்ம ஊர் வேங்கைக்குச் சொந்தம், ஒரே பேரினம், ஈரத்தைத் தாங்கும், அதிகம் விரியாது. அந்தப் பீடிங்கைப் பலகைக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் உயரமாக விட்டு உள்முனையை உருட்டிவிட்டார். வண்டி திரும்பும்போது வெங்காயம் உருண்டு கீழே போகாது, கொட்டிய தண்ணீர் டிராயருக்குள் இறங்காது. மூலைகளையும் ஒரு கைப்பிடி அளவுக்கு வட்டமாக வெட்டினார். குறுகிய இடத்தில் நடக்கும்போது இடுப்பு இடிக்கிற உயரம் அது, கூர்மூலை வைத்த வேன்களில் போய்வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சிங்க் துளையை வெட்டியதும் வெறுமையாகத் தெரிகிற அந்த ஓரத்தில் எபாக்ஸிப் பிசின் பூசி, காயவிட்டு, தேய்த்து, திரும்பவும் பூசினார். சிங்க்கை மேலிருந்து உட்கார வைத்தார். கீழிருந்து மாட்டுகிற சிங்க் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பிளைவுட்டில் அப்படிச் செய்தால் வெட்டிய ஓரம் தினமும் தண்ணீரை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும். மேலிருந்து உட்கார்ந்தால் விளிம்பு அதை மூடிக்கொள்கிறது. அடியில் வைத்தது சிலிக்கான், கார் கண்ணாடி ஒட்டுகிற பாலியூரிதேன் பசை இல்லை. என்றைக்காவது சிங்க்கைக் கழற்ற வேண்டி வந்தால் சிலிக்கானை அறுத்து எடுக்கலாம், அந்தப் பசையை எடுக்கப்போனால் மைக்காவும் சேர்ந்து வரும். மேடையை அலமாரியோடு பிடித்திருப்பதும் மர ஸ்க்ரூ இல்லை. பலகைக்குள் உள்மரையுள்ள பித்தளைக் குழல்களைப் பதித்து, அலமாரிச் சட்டத்தில் நீளத் துளை வழியாகப் போல்ட் போட்டிருக்கிறார். போல்ட்டைக் கழற்றினால் மேடை முழுசாகத் தூக்கிக்கொண்டு வரும், கீழே குழாய் வேலை பார்க்கலாம். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வேலை, கூலியும் அதற்குத் தக்கபடிதான் ஆனது. எனக்கு வருத்தமே இல்லை.

பயன்பாட்டில் எப்படி? அத்தை ரொட்டி தேய்க்கும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தேய்க்கிறவர் முழுப் பாரத்தையும் கட்டையில் போட்டு முன்னும் பின்னும் தள்ளுகிறார், மேடையில் சின்ன ஆட்டம் இருந்தாலும் மாவு ஒரு பக்கம் தடித்துவிடும். ஆட்டம் இல்லை. மாவை நேராக மைக்கா மேலேயே தூவித் தேய்த்தார், பிறகு ஈரத்துணியால் ஒரு துடை, அவ்வளவுதான். மஞ்சள் கறை மட்டும் வெளிர் நிற மைக்காவில் தெரியும், உடனே துடைத்தால் போய்விடுகிறது, ராத்திரி முழுக்க விட்டால் லேசாக நிற்கும். சமையலில் மஞ்சள் புழங்குகிற வீட்டுக்காரர்கள் நடுத்தர நிறம் ஏதாவது எடுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை நேராக வைக்கக்கூடாது, கீழே ஒரு மரத்தட்டு வேண்டும். கத்தியை அதன் மேலேயே போட்டு நறுக்கவும் கூடாது. முழு மரம் என்றால் கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாம், மைக்காவில் விழுந்த கீறல் விழுந்ததுதான். இதுதான் இந்தத் தேர்வில் நாம் விட்டுக்கொடுக்கிற விஷயம், தெரிந்தே விட்டுக்கொடுத்தோம்.

ஒரு குறை சொல்ல வேண்டுமானால் மடித்துத் தூக்குகிற நீட்டிப்புப் பலகை. கதவுப் பக்கம் கீல் வைத்து, வேண்டும்போது தூக்கி நிறுத்துகிற மாதிரி கேட்டிருந்தோம். கடையில் வாங்கிய மடக்குத் தாங்கி தார்ச்சாலையில் சத்தம் போடாது. மண்சாலையில், அதுவும் அலையலையாகக் கிடக்கிற சரளைச் சாலையில், கடகடவென்று காதைத் துளைக்கிறது. தாங்கிக்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் துண்டு ஒட்டி, ஓடும்போது பலகையை இழுத்துப் பிடிக்க ஒரு கொக்கி வைத்த பிறகு சத்தம் நின்றது. அண்ணன் அதற்குக் காசு வாங்கவில்லை. பாரம் தாங்குவதில் குறையில்லை, ஆனால் அதில் ரொட்டி தேய்க்காதீர்கள், தட்டு வைக்கத்தான் அது.

இனி சென்ஸார். எங்களுக்கு இதில் இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் இந்த குவாசூலு-நடால் மாகாணமே. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அடிபட்டு, அந்த ஊர் பல மாதம் குழாய்த் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. மனைவியின் பெரியம்மா வீடு அங்கேதான். லாரி வந்தால் வாளி, வராவிட்டால் ஜோஜோ டேங்க் (வீட்டுப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி). டேங்கைத் தட்டித் தட்டி எதுவரை தண்ணீர் நிற்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லப் பழகியிருந்தார்கள். கேப் டவுனில் 2018-ல் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று அளந்துவிட்ட கதையும் எல்லோருக்கும் தெரியும். வேனில் எங்களிடம் இருப்பது மொத்தமே 90 லிட்டர், அது எல்லோருக்கும் சேர்த்து. 12 வோல்ட் பம்ப் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் தள்ளும். பிள்ளைகள் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பல் தேய்த்தால் எவ்வளவு போகும் என்று பெருக்கிப் பாருங்கள். டேங்க் கட்டிலுக்கு அடியில், கழிவுநீர் டேங்க் வண்டிக்கு அடியில், இரண்டையும் தட்டிப் பார்க்க வழியில்லை.

பெட்டியாக வருகிற சென்ஸார் செட்களில் பெரும்பாலும் ஒரே வகையை நல்ல தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதை வாங்காதீர்கள் என்பதுதான் என் உறுதியான அபிப்பிராயம். இரண்டு டேங்குக்குள் இருப்பதும் வேறு. மலிவான செட்களில் டேங்க் சுவரில் வரிசையாக உலோகத் திருகுகளைப் பதித்திருப்பார்கள், தண்ணீர் எந்தத் திருகு வரை தொடுகிறதோ அது வரை மின்சாரம் கடக்கும், காலி, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, முழுசு என்று நாலு விளக்கு எரியும். நல்ல தண்ணீருக்கு அது ஓரளவு ஓடும். கழிவுநீரில் எண்ணெயும் சோப்பும் சேர்ந்து சுவரில் ஏடாகப் படிந்து, திருகுகளுக்கு நடுவே அதுவே பாலம் போட்டுவிடும். டேங்கைத் திறந்துவிட்ட பிறகும் முழுசு என்றே காட்டிக்கொண்டிருக்கும். தாளித்துக் கொட்டுகிற நம் சமையலில் அந்த ஏடு சீக்கிரமே வரும்.

நல்ல தண்ணீருக்கு நாங்கள் போட்டது மேலிருந்து இறக்குகிற ஸ்டெயின்லெஸ் குழாய் வகை. குழாய்க்குள் காந்தம் பக்கத்தில் வந்தால் இயங்குகிற ரீட் சுவிட்சுகள் அடுக்கியிருக்கும், வெளியே காந்தம் வைத்த மிதவை மேலும் கீழும் போகும், அதற்கேற்ப மின்தடை மாறும். அசைகிற பாகம் ஒன்றே ஒன்றுதான். காட்டுவது படிப்படியாகத்தான் மாறும், ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு படி, அதனால் 47 சதவீதம் 46 ஆவதைப் பார்க்க முடியாது. தேவையும் இல்லை. டேங்கின் உள் உயரத்தை அளந்து அதற்குச் சற்றுக் குறைவான நீளத்தில் வாங்க வேண்டும், அடியில் இடித்துக்கொண்டு நிற்கக்கூடாது.

இதில் ஒரு கடையோடு எங்களுக்கு மனக்கசப்பு. பெயர் வேண்டாம். இந்தச் சென்ஸார்கள் இரண்டு மின்தடைக் கணக்கில் வருகின்றன, அளவு ஓம். ஐரோப்பியக் கணக்கில் காலிக்கு 0, முழுசுக்கு 180 அல்லது 190 ஓம். அமெரிக்கக் கணக்கு தலைகீழ், காலிக்கு 240, முழுசுக்கு 33 ஓம். மானியும் சென்ஸாரும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தே கேட்டிருந்தேன். வந்தது ஐரோப்பிய மானி, அமெரிக்கச் சென்ஸார். டேங்க் காலியாக இருக்கும்போது முள் முழுசில் போய் நின்றது, நிரப்ப நிரப்பக் கீழே இறங்கியது. திரும்பக் கொண்டுபோனால், "பொருத்தியாகிவிட்டது, எடுக்க மாட்டோம்" என்றார்கள். கடைசியில் இரண்டு கணக்கையும் ஏற்கிற வேறு டிஸ்ப்ளே போட்டு அந்தச் சென்ஸாரையே வைத்துக்கொண்டோம், காசு கூடுதலாகப் போனது. நீங்கள் வாங்கும்போது மின்தடை அளக்கிற ஒரு மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். மிதவையைக் கீழே வைத்து ஓம் பாருங்கள், மேலே தள்ளிப் பாருங்கள். கடை மேஜையிலேயே அரை நிமிடத்தில் முடிகிற சோதனை, டேங்கில் துளை போட்ட பிறகு செய்து பிரயோசனம் இல்லை.

கழிவுநீருக்கு உள்ளே எதையுமே இறக்கவில்லை. கனடாவின் கார்னெட் நிறுவனம் செய்கிற சீ லெவல், டேங்கின் வெளிச் சுவரில் ஒட்டுகிற பட்டை. உள்ளே தண்ணீர் இருக்கிற உயரத்தை வெளியிலிருந்தே மின்புல மாற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறது. டேங்க் உயரத்துக்குத் தக்கபடி பட்டையைக் கத்தரித்துக்கொள்ளலாம். நாலு விளக்கு இல்லை, சதவீதமாகவே எண் வரும், அதே பெட்டியில் பேட்டரி வோல்டேஜும் பார்க்கலாம். பிளாஸ்டிக் டேங்குக்கு மட்டும்தான், உலோக டேங்கில் வேலை செய்யாது, பட்டைக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டம் ஒட்டிக்கொண்டு வந்தாலும் குழம்பும். வண்டிக்கு அடியில் மாட்டுவதால் சேறும் உப்பும் தெறிக்கும், அதற்கு நாங்கள் இணைப்புகளில் தண்ணீர் புகாத உறை போட்டு, பட்டைக்கு மேல் நுரைத்தாள் வைத்து, அதற்கும் மேல் பிளாஸ்டிக் தகடு அடித்து மூடினோம். ஒட்டும் முன் டேங்க் சுவரை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும், அதில் அவசரப்பட்டால் ஓரம் பிரியும். இன்றுவரை ஒருதடவை கூடப் பொய் சொல்லவில்லை. சுவரில் ஏடு ரொம்பத் தடித்தால் இதுவும் கொஞ்சம் கூட்டிக் காட்டத்தான் செய்யும், ஆனால் வெந்நீரும் பாத்திர சோப்பும் ஊற்றி ஒரு ஓட்டம் ஓடிவிட்டுத் திறந்துவிட்டால் சரியாகிறது. இந்த வேன் வேலையில் நான் மனம் நிறைந்து பரிந்துரைக்கிற ஒரே பொருள் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பொருத்தியதோடு வேலை முடியவில்லை. சென்ஸார் சொல்வது ஆழம், நமக்கு வேண்டியது லிட்டர். எங்கள் நல்ல தண்ணீர் டேங்க் சக்கரத்தின் வளைவுக்கு இடம் விட்டு வார்த்தது, அடியில் குறுகல், மேலே அகலம். அதில் பாதி உயரம் என்றால் பாதித் தண்ணீர் கிடையாது, அதைவிடக் குறைவு. ஒரு சனிக்கிழமை காலையில் முற்றத்தில் ரசமட்டம் வைத்து வண்டியைச் சமமாக நிறுத்தி, டேங்கைக் காலி செய்து, 10 லிட்டர் வாளியால் ஊற்றினோம். ஒவ்வொரு வாளிக்கும் நான் எண்ணைப் படிக்க, மகள் நோட்டில் எழுதினாள். முதல் வாளிக்கு எண் குதித்தது, மேலே போகப்போக ஏறவே மாட்டேன் என்றது. நாங்கள் மாற்றிப் போட்ட டிஸ்ப்ளே சோலார், இன்வெர்ட்டர் சாமான் செய்கிற விக்ட்ரான் நிறுவனத்தோடது, அந்த அட்டவணையை அதில் டேங்க் வடிவம் என்று ஏற்றிக்கொள்ள வசதி இருக்கிறது, ஏற்றிய பிறகு அது நேராக லிட்டரிலேயே காட்டுகிறது. அந்த வசதி இல்லாத மானி என்றால் அட்டவணையை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள், அதுவும் போதும்.

சென்ஸாரை எங்கே வைப்பது என்பதையும் சொல்லிவிட வேண்டும், பொருத்துகிற ஆட்கள் கை எட்டுகிற ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். டிராகன்ஸ்பெர்க்கின் மகாய் முகாம் மாதிரி மலையடிவாரத்தில் எந்த இடமும் முழுச் சமம் கிடையாது. 90 சென்டிமீட்டர் நீளமும் 30 உயரமும் உள்ள டேங்க் வெறும் 3 டிகிரி சாய்ந்தால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் தண்ணீர் மட்டம் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் வித்தியாசப்படும். சென்ஸார் முனையில் இருந்தால் 8 சதவீதம் கூடவோ குறையவோ காட்டும், நடுவில் இருந்தால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பெரிதாக மாறாது. ஆகவே நடு. அப்புறம் கம்பி. பம்ப் ஓடும்போது மட்டும் எண் ஆடினால் பம்ப்பும் சென்ஸாரும் ஒரே நெகட்டிவ் கம்பியைப் பகிர்கின்றன என்று அர்த்தம், பம்ப் இழுக்கிற கரண்ட்டில் அந்தக் கம்பியில் வோல்டேஜ் விழுகிறது. சென்ஸாருக்குத் தனி நெகட்டிவ் இழுத்தால் தீர்ந்தது.

டிஸ்ப்ளேயை இயக்க நாங்கள் எடுத்த பெட்டி விக்ட்ரானின் செர்போ ஜிஎக்ஸ். நாலு மின்தடைச் சென்ஸாரை நேராக ஏற்கும், இரண்டு ஓம் கணக்குக்கும் அமைத்துக்கொள்ளலாம், ஃபோனிலும் தெரியும். ஆனால் டேங்க் பார்க்க மட்டும் இதை வாங்காதீர்கள், அவ்வளவு விலை. லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) நாட்களில் வீட்டுக்கு இன்வெர்ட்டர் போட்டபோதே விக்ட்ரான் எனக்குப் பழகிவிட்டது, வேனிலும் சோலார் அதே நிறுவனத்தோடது, அதனால் அதோடு சேர்ந்துகொண்டது. வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள், செர்போ-எஸ் என்று விலை குறைந்த இன்னொன்று இருக்கிறது, அதில் டேங்க் இணைப்பே கிடையாது. சோலார் இல்லாதவர்களுக்கு ஒரு சாதாரண மானியும் சீ லெவல் பெட்டியும் போதும். எங்களுக்குச் சென்ஸார் செலவு மொத்தமும், செர்போவை விட்டுப் பார்த்தால், மேடைக்கு ஆனதில் பாதிக்கும் குறைவு.

கேஸ் சிலிண்டருக்கும் சென்ஸார் போடலாமா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அடியில் ஒட்டி ஒலியலையால் அளக்கிற மொபீகா வகை இருக்கிறது, ஃபோனுக்கு புளூடூத்தில் சொல்லும். போடலாம், ஆனால் நான் போடவில்லை. சிலிண்டரின் காலி எடை அதன் மேலேயே அடித்திருக்கும். கையில் தொங்கவிடுகிற தராசில் மாட்டி, அந்த எடையைக் கழித்தால் எவ்வளவு கேஸ் என்று கிலோவில் வந்துவிடும். கேஸில் காசு போட வேண்டிய இடம் வேறு. குழாய் இழுப்பதைப் பதிவு பெற்ற ஆளிடம் கொடுத்து, முறையான சான்றிதழ் வாங்கிவிடுங்கள். அது சட்டம், அதோடு நாம் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளோடு உள்ளே தூங்கப்போகிறோம்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: மேடை வேலைக்கு ஐந்துக்கு நாலரை, அரை குறைந்தது அந்த மடக்குத் தாங்கிக்காக. சீ லெவலுக்கு ஐந்து. மிதவைச் சென்ஸாருக்கு நாலு, விற்ற கடைக்கு ஒன்றுகூட இல்லை. கிளேர்வுட் அண்ணனிடம் வேலை வேண்டும் என்கிறவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், அவரிடம் கேட்டுவிட்டு எண் தருகிறேன். டிசம்பர் விடுமுறைக்கு முன் முடிய வேண்டுமென்றால் இப்போதே பேசிவிடுவது நல்லது, ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் எடுப்பார். போகும்போது டேங்க் அளவையும் வார்ப்பு வடிவத்தையும் குறித்துக்கொண்டு, சிங்க், அடுப்பு இரண்டையும் முதலிலேயே வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள், படத்தைப் பார்த்து அவர் துளை வெட்ட மாட்டார்.